பாலியில் நீ தொடங்கிய படம்

நேற்று குரோம்பேட்டையில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கிராம்புத் தைலத்தில் தோய்த்த பஞ்சைக் கடைவாய்ப் பல்லில் வைத்து, "கொஞ்ச நேரம் கடிச்சுட்டு இருங்க மேடம்" என்றார். கடித்ததுமே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறதாக்கும் என்று அவர் இன்னொரு பஞ்சை எடுத்தார். வலியில்லை. பாலியில் நமக்குப் படம் சொல்லிக்கொடுத்த கடேக்கின் புருஷன் முற்றத்தில் உட்கார்ந்து ஊதித் தள்ளுவானே, அந்தக் கிராம்பு சிகரெட்டின் வாசனை. நாம் இருவரும் தரையில் குனிந்து மை தீட்டிக்கொண்டிருப்போம். நீ இருமிக்கொண்டே வரைவாய்.

உன் மகன் போன அடுத்த வருஷம் அது. பொத்தேரியில் கல்லூரிக்குப் பைக்கில் போனவன், ஜி.எஸ்.டி. ரோட்டில், பட்டப்பகலில், லாரிக்கு அடியில். அதன்பின் நீ நம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு டிராயிங் மிஸ்ஸாக இருந்தவள், பென்சிலைத் தொடுவதையே விட்டுவிட்டாய். கீழ்க்கட்டளை வீட்டில் அவன் போட்டோவுக்கு மாலை வாங்கி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாய். பாலியில் ஓட்டல் வேலையில் இருந்த உன் தங்கைதான், "இங்க வந்து கொஞ்ச நாள் இரு அக்கா" என்று கூப்பிட்டாள். "அவளைத் தனியா அனுப்ப பயமா இருக்கும்மா" என்றார் உன் வீட்டுக்காரர். கோடை விடுமுறையாக இருந்ததால் நானும் கிளம்பினேன்.

உன் தங்கை நம்மைக் கொண்டுபோய் விட்டது ஓவியர்கள் நிறைந்த ஒரு கிராமத்தில். கடேக் நம் வயதுக்காரி. அவள் வீட்டு வளாகத்திலேயே நமக்கு ஓர் அறை. காலையில் தென்னங்குருத்தைச் சின்னத் தட்டாக முடைந்து, பூ வைத்து, வாசலிலும் அடுப்படியிலும் படைத்துவிட்டுத்தான் அவள் தூரிகையை எடுப்பாள். நம்மையும் முடையச் சொன்னாள். முதல் வாரம் நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். பிறகு ஒரு நாள் யாரும் கேட்காமலே வந்து குருத்தைக் கிழிக்க ஆரம்பித்தாய்.

அந்த ஊர்ப் படங்களில் கருப்பு மைதான் முதலில். தண்ணீர் கலந்து ஒரு பூச்சு, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி. துளி இடம்கூடக் காலியாக விடக்கூடாது. இலை, பறவை, மனிதர்கள் என்று நிரப்பிக்கொண்டே போக வேண்டும். நான் வாழைத்தோப்பு வரைந்தேன். நீ ஜி.எஸ்.டி. ரோட்டை வரைந்தாய். லாரி, பஸ், இளநீர் வண்டி, போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கும் கூட்டம். சுற்றிலும் அந்த ஊர் ஆலமரங்கள், கண் பிதுங்கிய பூதங்கள். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருந்தாய்.

"இங்கே காலி" என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லி அதைத் தொட்டாள் கடேக்.

"அது காலி இல்ல!" என்று நீ தமிழில் கத்தினாய். அவளுக்கு என்ன புரிந்ததோ, கையை எடுத்துக்கொண்டாள். பிறகு அந்த இடத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை.

எதிர்வீட்டில் தகனத்துக்கு ஏற்பாடு நடந்தது உனக்கு நினைவிருக்கும். கடலில் மூழ்கி இறந்த பையன். முன்பே புதைத்திருந்தவனை, நாள் பார்த்துத் தோண்டியெடுத்து எரிக்கப்போகிறார்கள். தெருவே கூடி, மூங்கிலாலும் துணியாலும் ஆளுயரக் காளை ஒன்று செய்தார்கள். அதன் வயிற்றுக்குள் எலும்புகளை வைப்பார்களாம். காளையின் கழுத்தணிக்கு நீ தங்கத்தாள் வெட்டிக்கொடுத்தாய். அந்தப் பையனின் அம்மா உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெட்டினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. பேசாமலே நாட்கணக்கில் வேலை செய்தீர்கள். நீ தேறிவிடுவாய் என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

அத்தனை வேலையும் ஒரே மத்தியானத்தில் எரிந்து தீர்ந்தது. அந்த அம்மா அழவில்லை. அழுதால் போகிறவனுக்கு வழி தடைபடும் என்றாள் கடேக். நீ விடுவிடுவென்று திரும்பி நடந்தாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

"எப்படிடீ அவளுக்கு மனசு வந்துது?"

"அது அவங்க நம்பிக்கை."

"இருக்கட்டும். அவங்களுக்கு சரி. நான் எரிக்க மாட்டேன். அவன் எங்கயும் போக வேணாம்."

முடிக்காத படத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பினாய். கூடத்துச் சுவரில் மாட்டி, அங்கேயே நின்று வரைந்துகொண்டிருந்தாய். நான் வரும்போதெல்லாம் படத்தில் கூட்டம் கூடியிருக்கும், இருட்டும் கூடியிருக்கும். நடுவில் இருந்த வெள்ளை மட்டும் அப்படியே. உன் உடம்பில் பெரிதாக வந்த கட்டியை நீ யாரிடமும் சொல்லவில்லை. நான் இழுத்துக்கொண்டு போனபோது, "ஏம்மா இவ்ளோ நாள் விட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"வேலை இருந்தது டாக்டர்."

வெளியே வந்து ஆட்டோவில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். "எதுக்குடீ மறைச்ச?"

"மறைக்கல. கவனிக்கல, அவ்ளோதான்" என்றாய். அதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

உன்னை எரித்த அன்று மின்மயானத்தில் உன் வீட்டுக்காரர் அந்தப் படத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். "இதையும் அவகூட வச்சிடலாமாம்மா?"

"வேணாம்ணா. எரிக்க மாட்டேன்னு சொன்னா."

அவர் சுருளை என்னிடம் நீட்டினார். "மூணு வருஷமா அவன் செத்த எடத்தைப் பாத்துக்கிட்டேதான்மா சாப்பிட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. இனிமே என்னால முடியாது. நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க." உன் துக்கத்துக்குப் பக்கத்தில் அவருடையது சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. நாம் இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

தாம்பரம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மகள் அதே ரோட்டில்தான் ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போகிறாள். சுவரில் மாட்டத் தைரியம் வரவில்லை, பரணில் போட்டுவிட்டேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று ஒரு நாள் எடுத்து, ஜன்னலோரக் கட்டிலில் விரித்தேன். ஊர் திரும்பியபின் நீ சேர்த்த கூட்டத்தை அதுவரை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. லாரிக்குப் பின்னால், கூட்டத்துக்குள், கையில் போன் இல்லாத இரண்டே பேர். இரண்டு பொம்பளைகள். கொண்டை போட்டிருப்பவள் நீ. மூக்குக் கண்ணாடியும் தோளில் சரிந்த பையுமாக, உன்னைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பவள் நான்.

அன்று நான் அங்கே இல்லை. யாரோ போன் செய்து நீ அந்த ரோட்டுக்கு ஓடியபோது நான் வகுப்பில் இருந்தேன், பிறகு சேதி வந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன். அந்த ரோட்டில், அத்தனை பேருக்கு நடுவில், நீ தனியாகத்தான் நின்றாய்.

இப்போதெல்லாம் ரயில் பொத்தேரியைத் தாண்டும்போது என் இரண்டு கைகளும் தாமாக இறுகிக்கொள்கின்றன. நீ கீழே விழுந்துவிடாதபடி, அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.