ஏறும் முள்

என் வீட்டு அம்மணிக்கு,

உன் அக்கா வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து என்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். இங்கே தீவின் மேல் சூறாவளி வந்து உட்கார்ந்திருக்கிறது. வானிலை நிலையத்தில் காற்றழுத்தமானியும் நானும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கிறோம். காலையிலிருந்து முள் இறங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை பட்டினி கிடந்தும் என் தொப்பை அப்படி இறங்கியதில்லை.

கொஞ்சம் முன்பு காற்று சட்டென்று நின்று, வெயில்கூட எட்டிப் பார்த்தது. இங்கே ஒதுங்கியிருக்கும் தையல்காரம்மா, "போயிடுச்சுப்பா!" என்று துணி காயப்போடக் கிளம்பிவிட்டார். இது புயலின் கண், மறுபாதி பின்னால் வருகிறது என்று சொல்லி உட்காரவைத்தேன். உன் தம்பியிடம்தான் என் பேச்சு எடுபடவில்லை. "உங்க முள்ளுக்குப் பயந்தா என் படகை யாரு மாமா கட்டுவா?" என்று சிரித்துக்கொண்டே துறைக்குப் போனான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது முள் ஏறுகிறது. இங்கே ஒதுங்கியிருக்கும் எல்லோரும் கைதட்டுகிறார்கள். மற்ற நாளென்றால் நானும் தட்டியிருப்பேன். கண் நகர்ந்துவிட்டது, இனி காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். தெருக்கோடியில் ஒரு தகரம் தடதடக்கத் தொடங்கிவிட்டது.

"கதவைச் சாத்துங்க சார், எல்லாரையும் சேத்துக் கொல்லப் போறீங்களா?" என்று தையல்காரம்மா கத்துகிறார். "இதோ, ஒரு நிமிஷம்மா" என்று துறைப் பக்கம் பார்த்தபடியே மறுபடியும் சொல்கிறேன்.

உன் தம்பி நலம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். அந்த வரிக்கு மட்டும் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஒரு கையில் பேனாவும் மறுகையில் கதவுமாக,
உன் வீட்டுக்காரன்