சைபர் கிடைக்க வேண்டும்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் "சைபர் வந்திருச்சும்மா" என்றதும் நீ அழுதுவிட்டாயாம், தங்கை சொன்னாள். பயப்படாதே. நாங்கள் இங்கே கணினி மெஷின்களில் சோதிக்கும் எண்ணுக்குப் பல லட்சம் இலக்கங்கள். வேறொரு ராட்சத எண்ணை இந்த எண்ணால் வகுத்து, கணக்கின் கடைசியில் மீதி சைபர் வந்தால்தான் இது பகா எண். அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது.

"இன்னொரு மெஷினும் சைபர்னு சொல்லணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல," என்கிறார் மேலாளர். அந்த மறுசோதனை இன்னும் ஒரு மாதம் ஓடும்.

நீ பாத்திரம் உருட்டும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. இங்கே மெஷின்களின் இரைச்சல் மட்டும்தான்.

மேலாளர் கூப்பிடுகிறார். பரீட்சைதோறும் நான் சைபர் வாங்கக் கூடாதென்று சாமி கும்பிட்டாயே, இந்த ஒரு தடவை மாற்றிக் கும்பிடு.

உன் மகன்