நான் பேசாத இருபது நொடி

வியாழக்கிழமை, இரவு

"வலப்பக்கம் திரும்புங்கள்" என்று இன்று நான் சொல்லவில்லை. சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

தவறு என்னுடையது. கீழே ஒரு விமானத்தை ஏறச் சொல்லியிருந்ததை மறந்து, மேலிருந்த இன்னொன்றை இறங்கச் சொன்னேன். திரையில் இரண்டு புள்ளிகளும் நெருங்கின. இறங்கிய விமானி, தன் மோதல் எச்சரிக்கைக் கருவி மேலே ஏறச் சொல்வதாக அறிவித்தார். அதற்குப் பிறகு கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் நாங்கள் குறுக்கிடக் கூடாது. இரண்டு விமானத்துக் கருவிகளும் பேசிவைத்து ஒன்றை ஏற்றும், மற்றதை இறக்கும். நடுவில் நான் வேறொன்று சொன்னால் விமானி யாரை நம்புவார்?

பக்கத்து இருக்கை செல்வி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "பேசாத கண்ணு. இனி அவிய பாத்துக்குவாங்க."

இரண்டிலும் நிறையப் பேர். அந்த இருபது நொடியும் அவர்களுக்காக என்னால் முடிந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்.

கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் வீடு வந்தேன். "மொகமே செரியில்லையே சாமி, ஆராச்சும் வஞ்சாங்களா?" என்றாள் அம்மா.

"இல்லீங்கம்மா, தலவலி."

"எந்நேரமும் காதுல அத மாட்டிக்கிட்டிருந்தா வராம என்ன பண்ணும்?"

இனி அந்த ஹெட்செட்டை மாட்ட விடுவார்களா தெரியவில்லை. விட்டாலும் என்னால் முடியுமா?

ஒரு விமானம் எங்கள் ஓடுதளத்தில் இறங்கியது. மற்றது சென்னை போய்ச் சேர்ந்தது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. விசாரணை முடியும்வரை என்னை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.