கோபுரத்தை மறைத்த வீடு

இன்று கடையடைப்பு. காலையில் பால் வாங்கப் போனபோது சந்தியில் யாரோ பழைய ரயர் ஒன்றைக் கொளுத்தி விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆட்கள் இல்லை. கறுத்த புகை மட்டும் சந்தியிலிருந்து இறங்கும் ஒழுங்கையின் இரண்டு மதில்களுக்கும் நடுவே ஒடுங்கிக் கடற்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. பால் வாங்காமலே திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருடம் கடந்துவிட்டது. உன்னோடு கதைக்காமல் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். கடலோடிக் குடும்பத்துப் பிள்ளை நீ. மிஷன் வளவுக்குள் பிறந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பூமிசாத்திரப் பாடத்தில், குடாநாட்டின் தலை பருத்தித்துறைதான் என்று ரீச்சர் படத்தில் காட்டியபோது நீ எழும்பி, "தலை எண்டால் பிறகேன் ரீச்சர் யாழ்ப்பாணத்திலை எங்களை வால் மாதிரிப் பாக்கினம்?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தாய்.

உன்னிடம் இருந்த அந்தப் பிடிவாதம் ஊரின் பிடிவாதம்தான். எங்கள் சனம் காற்றோடு போட்டிபோட்டு உரத்துக் கதைத்துப் பழகியது. நல்லதாகச் சொன்னாலும் சண்டை பிடிப்பதுபோலத்தான் வெளியூராருக்குக் கேட்கும். எங்களுக்கு அப்பால் வடக்கே நிலம் இல்லை. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், தண்ணீருக்குள் முருகைக்கல் பார் ஒன்று நீளமாகக் கிடக்கிறது. அலையை அடித்து முறித்து ஊரைக் காப்பாற்றுவது அந்தக் கல்தான். வள்ளத்தை முறிப்பதும் அதே கல்தான். இந்தத் துறையிலிருந்து பருத்திப் பொதி போன காலத்தில் கப்பல்கள் பாருக்கு வெளியேதான் நங்கூரம் போட்டு நிற்குமாம். தோணிகள்தான் உள்ளே வந்து போகுமாம். பிற்காலத்தில் கல்லை உடைத்து ஒடுக்கமாக ஒரு வழி வெட்டினார்கள். அதைத்தான் வான் என்கிறோம்.

அந்த வானைக் கடலிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி என்று எனக்கு முதன்முதல் சொன்னவள் நீ. எங்கள் கிறிஸ்தவ மிஷன் கோயிலின் வெள்ளை முகப்பு கரையோரம் நிற்கிறது. அதற்குப் பின்னால், ஊருக்குள், பிள்ளையார் கோயில் கோபுரம். முகப்பின் உச்சியில் கோபுரம் நேராக ஏறி நிற்கும்படி பார்த்து வள்ளத்தை விட்டால் அடியில் வான் இருக்கும். கோபுரம் ஒரு பக்கம் சரிந்தால் அடியில் கல். "உங்கடை கோயிலும் எங்கடை கோயிலும் ஒண்டாய் நிண்டால்தான் எங்கடை ஆம்பிளையள் வீட்டை வருவினம்," என்று பெருமையாகச் சொல்வாய்.

அப்படிச் சொன்ன நீதான் அந்தக் கோபுரத்தை மறைத்தாய்.

ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் கரையோரம் இருந்த உன் வீடு தரைமட்டமாகி, கோப்பாயில் யாரோ ஒருவரின் தோட்டத்துக் கொட்டிலில் எத்தனையோ வருடம் இருந்தாய். திரும்பி வந்து ஒரு சின்ன வீடு போட்டாய். சுனாமி வந்த காலையில் உன் மனிசன் கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார். ஓடி வீட்டுக்கு வந்தவர்தான். ஏறி நிற்க இடம் இருக்கவில்லை. மகன் கனடாவில் வேலை செய்து காசு அனுப்பத் தொடங்கியதும் கடலை விட்டுத் தள்ளி, எங்கள் மிஷன் கோயிலுக்குப் பின்னால் காணி வாங்கினாய். மாடி வீடாக ஒரு தட்டு எழும்பியது. இரண்டாவதும் எழும்பியது. மூன்றாவதற்குத் தூண் நிறுத்தியபோதுதான் இராசன் அண்ணை என் வீட்டுப் படலையைத் தட்டினார். கடற்றொழிலாளர் எல்லாருக்கும் மூத்தவர் அவர்.

"பிள்ளை, உன்ரை சிநேகிதியின்ரை மூண்டாந் தட்டு கோபுரத்தை மறைக்குது. நாங்கள் கேட்டுப் பாத்தம். கதவைச் சாத்திப்போட்டா. நீ ஒருக்காச் சொல்லு."

சொன்னேன். நீ சீமெந்துத் தூசியோடு படியில் நின்று கேட்டாய்.

"வானுக்கு ரெண்டு பக்கமும் கம்பு நட்டு, கொடியும் கட்டியிருக்குத்தானே. அதைப் பாத்து வரட்டும்."

"கம்பு காத்துக்குப் போயிடும். கோபுரம் போகாது. உன்ரை தம்பியும் அந்த வழியாலைதானே வாறவன்?"

தம்பியை இழுத்தது உனக்குப் பிடிக்கவில்லை. உன் முகம் மாறியதைக் கண்டேன். "ஏறி நிக்க ஒரு மாடி இருந்திருந்தால் என்ரை மனிசன் இண்டைக்கு இருந்திருப்பார். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் அவையளுக்காக வந்து நிக்கிறாய். போ," என்றாய்.

போனேன். அதற்குப் பிறகு மாதக்கணக்காக நாங்கள் கதைக்கவில்லை. ஒழுங்கையில் எதிரே வந்தால் நீ சேலைத் தலைப்பைச் சரிசெய்வாய். நான் பைக்குள் எதையோ தேடுவேன். வடை சுடுகிற மனிசி எங்கள் இருவருக்கும் ஒரே பேப்பரில் சுற்றித் தந்து பழகியவள். அவள் ஒருநாள் "என்ன, தனித்தனியோ?" என்று கேட்டாள். நான் என் பங்குக் காசை மட்டும் நீட்டினேன்.

கார்த்திகை பிறந்தது. தாழமுக்கம் ஒன்று வருகிறதென்று வானொலியில் சொன்னார்கள். மறுநாள்தான் காற்று இறுகும் என்று நினைத்து, பல நாளாகக் கடலுக்குப் போகாமல் இருந்தவர்களில் மூன்று வள்ளக்காரர் விடியவே இறங்கிவிட்டார்கள். ஒன்றில் உன் தம்பி சிவம். இன்னொன்றில் இராசன் அண்ணையின் மகன்.

மத்தியானத்துக்குப் பிறகு வாடைக்காற்று இரைந்துகொண்டு வந்தது. நான் குடையை விரித்தேன். அது அந்தக் கணமே முறிந்தது. கரைக்கு ஓடினேன். சனம் கூடி நின்றது. வானின் இரண்டு பக்கக் கம்புகளும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. பார் எங்கே, வழி எங்கே என்று தெரியாமல் கரை முழுவதும் ஒரே வெள்ளை நுரை. தூரத்தில் மூன்று வள்ளங்களும் ஏறி இறங்குவது மழைக்குள்ளால் தெரிந்தது.

இராசன் அண்ணையின் மகன்தான் முதலில் வந்தான். குத்துமதிப்பாக வந்தான். வள்ளம் ஓர் அலையின் மேல் உயர்ந்ததைக் கண்டோம். பிறகு கல்லில் அடித்த சத்தம் கேட்டது. அத்தனை இரைச்சலுக்குள்ளும் அது தனியாகக் கேட்டது. பெடியங்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்து, அவனையும் கூடப் போனவனையும் இழுத்து வந்தார்கள். அவனுடைய ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. மற்ற இரண்டு வள்ளங்களும் அதைப் பார்த்திருக்க வேண்டும். பாருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. எஞ்சினுக்கு எண்ணெய் எவ்வளவு நேரத்துக்குக் காணும் என்று கரையில் யாரோ கேட்டார்கள்.

நான் திரும்பியபோது நீ எனக்குப் பின்னால் நின்றாய். எப்போது வந்தாயோ தெரியாது. கடலைப் பார்க்காமல் உன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மிஷன் கோயில் முகப்புக்கு மேலே, கோபுரம் நின்றிருக்க வேண்டிய இடத்தில், பூசாத சுவரும் யன்னல் போடாத மூன்று வாசல்களும் நின்றன.

"வாடி," என்றாய். அவ்வளவுதான்.

ஓடினோம். மோட்டார் திருத்துகிற கராச்சில் கிடந்த பழைய ரயரை நீ உருட்டினாய். நான் உன் குசினியிலிருந்து மண்ணெண்ணெய்க் கலனைத் தூக்கினேன். கைப்பிடி போடாத மாடிப்படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் வெளி. காற்று மேலேயிருந்து தள்ளியது. மூன்றாந் தட்டில் முதிரை மரத்தில் இழைத்த கதவுகளும் யன்னல் நிலைகளும் சுவரோடு சாத்தி அடுக்கிக் கிடந்தன. மகன் அனுப்பிய காசில் செய்தவை. நீ அவற்றைத் தடவித் தடவிப் பார்த்ததை நான் தெருவில் போகும்போது கண்டிருக்கிறேன்.

"கோபுரம் தெரியாட்டில் நெருப்புத் தெரியட்டும். எது கிட்டக் கிடக்கோ அதைப் போடு," என்றாய்.

கிழக்குப் பக்க வாசலில் அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, ரயரை மேலே போட்டுப் பற்றவைத்தோம். நெருப்புக்குச்சி ஒவ்வொன்றாக அணைந்தது. நான் உடம்பால் காற்றை மறைத்து நின்றேன். பற்றிக்கொண்டதும் என் கைத்தொலைபேசி அடித்தது. இராசன் அண்ணை. மகனின் காலைக் கட்டி ஓட்டோவில் ஏற்றிவிட்டு, தான் போகாமல் வானுக்கு நேரே கரையில் நிற்கிறார்.

"பிள்ளை, உந்த நெருப்பு பிழையான இடத்திலை! அதைப் பாத்து வந்தால் கல்லிலைதான் ஏறுவினம். மேற்காலை தள்ளு. நடு வாசலுக்கு. கெதியா!"

எரிகிற மரத்தை எப்படித் தள்ளுவது? நீ கொங்கிறீற் கம்பி ஒன்றை எடுத்து ரயருக்குள் கொளுவி இழுத்தாய். நான் மற்ற நிலைகளைத் தூக்கி நடு வாசலுக்குள் எறிந்தேன். புகை கண்ணைக் கரித்தது. உன் சேலைக் கரையில் நெருப்புப் பிடித்தது; காலால் மிதித்து அணைத்தாய். கிழக்குப் பக்கத்தில் மிச்சம் எரிந்ததை நனைந்த சாக்கால் அடித்து மூடினோம். வெளியே ஒரு வள்ளம் மெல்லத் திரும்பி எங்களை நோக்கி முகத்தை வைத்தது. கிழக்கு நெருப்பை நம்பித் திரும்பியதா, நடு நெருப்பைக் கண்டு திரும்பியதா என்று எங்களுக்குத் தெரியாது.

"அண்ணை, இப்ப நேரே நிக்குதோ?" என்று கத்தினேன்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஓம். அதிலை விடு. அணைய விடாதை."

நீ யன்னல், கதவு, நிலை என்று ஒவ்வொன்றாகப் போட்டாய். எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. வள்ளம் அலைக்குள் மறைந்தது, எழும்பியது, மறைந்தது. பிறகு கரையில் சனம் தண்ணீருக்குள் இறங்கி ஓடுவது தெரிந்தது. அது சிவத்தின் வள்ளம் இல்லை. நீ கடைசிக் கதவையும் போட்டாய். பொழுது மங்கிக்கொண்டு வந்தது. சிவம் எஞ்சின் நின்றுபோய், தண்டு வலித்து, நெருப்பை முகப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். "வந்திட்டான், பிள்ளை," என்று இராசன் அண்ணை சொன்னதை நான் உனக்குச் சொன்னேன். நீ அந்தக் கரிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

மறுநாள் நீயும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். மகன் ஆஸ்பத்திரியில் இருந்தான். கால் பிழைத்தது, ஆனால் இன்றும் நொண்டித்தான் நடக்கிறான். நீ முற்றத்தில் நின்றாய். இராசன் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டார்.

"வீடு கட்டினது பிழையில்லைப் பிள்ளை. நாங்கள் கேட்டு வந்த நேரம் கதவைச் சாத்தினதுதான் பிழை."

"ஓம் அண்ணை," என்றாய். நீ எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

மூன்றாந் தட்டை நீ பிறகு முடிக்கவே இல்லை. நடு வாசலில் பெரிய மின்குமிழ் ஒன்றைப் பூட்டி, பொழுதுபட முன்னரே ஏறிப் போய்ப் போடுவாய். கதவுகளுக்கு என்ன நடந்தது என்று மகன் தொலைபேசியில் கேட்டபோது, "கறையான் அரிச்சுப்போட்டுது, தம்பி," என்று கூசாமல் சொன்னாய். முதிரையைக் கறையான் அரிக்குமா என்று நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வாயைப் பொத்தச் சொல்லிக் கையைக் காட்டினாய்.

போன வருடம் காய்ச்சல் என்று படுத்த நீ எழும்பவில்லை. உன் வீட்டுத் திறப்புக் கொத்து என்னிடம் வந்தது. ஒரு வருட ஆட்டைத் திவசத்துக்கு மகன் வந்தான். நல்ல பிள்ளை. ஆனால் வீட்டை விற்கும் யோசனையோடுதான் வந்திருந்தான். வாங்க வந்தவர்களுக்கு மூன்றாந் தட்டின் வாசல்களை அடைத்து, அறையாக்கித் தர வேண்டுமாம். "அன்ரி, அந்த லைற்றைக் கழட்டட்டோ?" என்று கேட்டான். அவனுக்கு எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. சிவத்துக்குச் சொன்னேன். சிவம் அவனைப் பின்னேரம் வள்ளத்தில் ஏற்றிப் பாருக்கு வெளியே கொண்டுபோனான். இருட்டுகிற நேரம், அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வானுக்குள் கொண்டுவந்தான். வழியில், அன்று நடந்தது முழுவதையும் சொல்லியிருக்கிறான்.

உன் மகன் நனைந்த சப்பாத்தோடு என் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ காசைப் பற்றிக் கவலைப்படுவாய் எண்டு."

"நான் காசைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டன் அன்ரி."

"அது அவவுக்குத் தெரியாது," என்றேன். அவன் அழுதான். நான் தடுக்கவில்லை.

வீட்டை விற்கவில்லை. கீழ்த்தட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்து, படிக்குக் கைப்பிடியும் போடுவித்துவிட்டுப் போயிருக்கிறான். ஆனால் அந்தக் குடும்பம் மேலே ஏறப் பயப்படுகிறது. நான்தான் ஏறுகிறேன். எனக்கும் பயம்தான். வாடைக் காலத்தில் அந்த நடு வாசலில் நின்றால் காற்று ஆளைத் தூக்கப் பார்க்கும். வெளிச்சத்தைப் போட்டுவிட்டு உடனே இறங்கிவிடலாம். நீ அப்படித்தான் செய்வாய். என்னால் முடிவதில்லை. வெளியே ஒரு வள்ளம் நின்றாலும், அது யாருடையதென்று தெரியாவிட்டாலும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அது உள்ளே வந்து, கரையில் யாரோ அதன் கயிற்றைப் பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.