பேனா நகராத விஜயதசமி

12 செப்டம்பர் 2008

ஒருவழியாக முடிந்தது. சிம்மக்கல் ஆபீஸில் பேனாவால் சேலை பார்டர் வரையும் டேப்லெட் பலகை நான்கும் சீரியல் போர்ட்டில் செருகும் பழைய ரகம். கம்ப்யூட்டரில் இருக்கும் லினக்ஸ் அவற்றைத் தானாகக் கண்டுகொள்ளாது. காலையில் நான்தான் கட்டளை அடித்து ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். அந்தக் கட்டளைகளை உள்ளேயே எழுதி வைத்துவிட்டேன்; இனி கம்ப்யூட்டரை ஆன் செய்தாலே டேப்லெட்டை இயக்கும் டிரைவர் ஏறிவிடும். "இதை மட்டும் முடிச்சிரு ரோகிணி, சூப்பர்வைசர் சீட்டு ஒனக்குத்தான்" என்றிருந்தார் முதலாளி வெங்கடரமணன்.

15 செப்டம்பர்

கூட வேலை பார்க்கும் வெங்கடேஷ்பாபு, முதலாளியிடம் அவர்கள் இருவரும் வீட்டில் பேசும், எனக்குப் புரியாத மொழியில் ஏதோ சொன்னான். நான் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றேன், மடச்சி.

"ஒன்னால முடியலன்னு பாபு செஞ்சு குடுத்தானாம்ல. பரவால்லம்மா, கத்துக்க" என்றார் முதலாளி. சீட்டு அவனுக்கு. இருக்கட்டும். அவர் முன்னாலேயே அவனை முழிக்க வைக்கிறேன்.

16 செப்டம்பர்

"ஒரு டீ சொல்லும்மா" என்கிறான் பாபு. சொன்னேன். சர்க்கரை இல்லாமல்.

8 அக்டோபர், ஆயுத பூஜை

எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். திரும்ப மாட்டியது பாபு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் மேலும் கீழுமாக ஒரே மாதிரி இரண்டு சீரியல் போர்ட். நான் எழுதி வைத்த கட்டளை மேலே இருப்பதற்கு மட்டும். அவன் நான்கு கம்ப்யூட்டரிலும் டேப்லெட் கேபிளைக் கீழே இருப்பதில் செருகினான். சொல்ல வாய்வரை வந்தது. பொரிகடலையைப் போட்டு மென்றுவிட்டேன்.

9 அக்டோபர், விஜயதசமி

நல்ல நாளென்று சமயநல்லூர் ஜவுளிக்காரர் ஒருவரை அழைத்துவந்து, பேனாவை அவர் கையில் கொடுத்தார் முதலாளி. திரையில் பேனா நகரவில்லை. நான்கிலும்.

"டேய் பாபு, நீ செஞ்சதுதானே? சரி பண்ணு."

அவனுக்கு வேர்த்து ஊற்றியது. எனக்கு வயிறு குளிர்ந்தது — ஆமாம், அப்படித்தான். என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். கேபிளை மாற்றிச் செருகினால் போதும். நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

"லினக்ஸே இப்படித்தாண்ணே, நம்ப முடியாது. அம்புட்டையும் மாத்திருவோம்" என்றான். முதலாளி தலையாட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேனா நகர்ந்தால் அவன் தப்பித்துவிடுவானே!

3 நவம்பர்

புதுக் கம்ப்யூட்டர், புது டேப்லெட், விண்டோஸ். செருகியதும் ஓடுகிறது, எழுப்ப நான் வேண்டியதில்லை. பாபு இன்னும் சூப்பர்வைசர். "இனிமே ஒனக்கு இங்க வேலை இல்லையேம்மா" என்றார் முதலாளி.

7 நவம்பர்

காயலான் கடைக்குப் போகவிருந்த பழைய செட் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மேல் போர்ட்டில் மாட்டி ஆன் செய்தேன். ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. பேனா நகர்ந்தது. பாபுவின் மூஞ்சியை வரைந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பஸ்ஸு போயிருச்சே, வேலைக்குப் போகலையாடி?"

அவன் மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.