காக்கிச் சட்டை போட்ட கூடைப்பந்து அணி

ஏய் கொருக்குப்பேட்டைக்காரி,

இன்று காலை திருவொற்றியூர் தேரடி சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிரீஸும் டீசலும் வியர்வையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர், "இன்னாமா, வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று கத்தினார். நீ கூட இருந்திருந்தால் இறங்கிப் போய் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருப்பாய். மஞ்சள் காமாலை வந்து நீ போய்ச் சேர்ந்த பிறகு இது இரண்டாவது மழைக்காலம். உன்னிடம் பேசுகிற பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

நம் கல்லூரியில் எல்லாரிடமும் விளையாட்டுக் கட்டணம் வாங்குவார்கள், ஞாபகமிருக்கிறதா? அது பையன்களின் கிரிக்கெட் மட்டை, வலை, பயணம், பிரியாணி என்று கரைந்த பிறகு, பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு பந்தும் ஒரு குளுக்கோஸ் டப்பாவும் மிஞ்சும். அந்தப் பந்தும் தீபாவளிக்குள் தேய்ந்து வழுக்கையாகிவிடும். நாம் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது முதல்வர் நம்மைக் கூப்பிட்டு, போட்டிக்கான நுழைவுக் கட்டணத்தை மட்டும் கல்லூரி கட்டும், பயணத்துக்கும் உடைக்கும் பணமில்லை என்றார். போய் ஆடாவிட்டால் அடுத்த ஆண்டு அணியே கிடையாது. அணி இல்லையென்றால் ஆடுகிறவர்களுக்குத் தரும் கட்டணச் சலுகையும் கிடையாது.

பதினோரு பேரில் பத்துப் பேர் அந்தச் சலுகையில்தான் படித்தோம். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். சலுகை போனால் நான் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டோடு உட்கார வேண்டியதுதான். நீ ஒருத்திதான் முழுக் கட்டணம் கட்டியவள், உனக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை. ஆனால் முதல்வர் அறையை விட்டு வெளியே வந்ததும் முதலில் வாயைத் திறந்தது நீதான்.

"போட்டி மீஞ்சூராண்டதானே? அந்த வழியா காட்டுப்பள்ளி கப்பல் கம்பெனிக்குப் போற பஸ்சு தெனம் எங்க தெருமுனைல நிக்கிதுடி. பின்னாடி சீட்டு பாதி காலியாத்தான் போவுது."

அந்த பஸ்களை ஓட்டும் காண்டிராக்டரின் அலுவலகத்துக்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அவர் நம்மைப் பார்த்ததும், "டொனேஷனா? இப்பத்தான் கோயிலுக்குக் குடுத்தேன்" என்றார்.

"துட்டு வேணாம்ணா. ஒங்க வண்டில காலியாக் கீற சீட்டத்தான் கேக்கறோம்."

மனிதர் சிரித்துவிட்டார். "சரி, ஏறிக்கினு போங்க. எனக்கு இன்னா லாபம்?"

"ஒங்க கம்பெனி பேர முதுவுல போட்டுக்கினு ஆடறோம். சட்டை மட்டும் நீங்களே தெச்சுக் குடுத்துடுங்க."

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். நீயோ கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்ததும் உன்னைத் திட்டினேன். "கேக்கறதுக்கு இன்னாடி வெக்கம்? வெளாடத்தானே கேக்கறோம்" என்றாய்.

காண்டிராக்டர் சட்டைக்கும் தலையாட்டியிருந்தார், சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த தையல்காரர், அவருடைய டிரைவர்களுக்கு யூனிபாரம் தைக்கிறவர். போட்டிக்கு முந்தின நாள் மூட்டையைப் பிரித்தால் எல்லாம் காக்கி! காலர், முழுக்கை, நெஞ்சில் பாக்கெட், பேனா செருக ஓர் இடம், முதுகில் கம்பெனி பேர். நான் அழுதே விட்டேன். நீ கத்தரிக்கோலை எடுத்தாய். "அழுவாதடி. கைய வெட்டுனா ஜெர்சி, வெட்டாட்டி யூனிபாரம், அவ்ளோதான்."

கையெல்லாம் வெட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம், பத்துச் சட்டைதான் இருந்தது. துணி போதவில்லையாம். யாரும் எதுவும் பேசுவதற்குள், "எனக்குக் கணுக்கால் சுளுக்கிக்கிச்சு, நான் ஆடல" என்று சொல்லிவிட்டு வெட்டிய துணியைப் பொறுக்க ஆரம்பித்தாய். பதற்றத்தில் அதை நாங்கள் நம்பிவிட்டோம்.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும், "இன்னாமா, அல்லாரும் டிரைவர் வேலைக்கா?" என்று ஒரே சிரிப்பு. சட்டையில் எண் இல்லாமல் ஆட விடமாட்டார்களே என்று யாரோ சொல்ல, எனக்கு மறுபடி கண் கலங்கியது. கப்பல் தளத்தில் பிட்டராக வேலை பார்க்கும் ஓர் அண்ணன், இரும்புத் தகட்டில் குறி போடும் வெள்ளைப் பெயின்ட் பேனாவைப் பையிலிருந்து எடுத்தார். எண்ணூர் தாண்டிய பள்ளங்களில் பஸ் குலுங்கக் குலுங்க, ஒவ்வொருத்தி முதுகிலும் கம்பெனி பேருக்குக் கீழே எண் எழுதினார். என் ஏழு நெளிந்துபோய் மண்வெட்டி மாதிரி இருந்தது.

மைதானத்தில் எதிரணிப் பெண்கள் நம்மைப் பார்த்து, "ரைட், போலாம்!" என்று விசில் அடித்தார்கள். அவர்களை நாம் வென்றோம். அடுத்த ஆட்டத்தில் செம அடி வாங்கினோம். அதனால் என்ன, ஆடியாகிவிட்டது. அணி பிழைத்தது, சலுகை நிலைத்தது, நான் படித்தேன்.

திரும்பும்போது சாலைக்கு வருவதற்குள் பஸ் நகரத் தொடங்கிவிட்டது. நாங்கள் திகைத்து நிற்க, நீ பாய்ந்து ஓடிப் போய் அதன் பக்கவாட்டில் தட்டி நிறுத்தினாய். எங்களில் ஒருத்திக்கும் அந்த ஓட்டம் வராது. ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்து, "கணுக்கால் இன்னாச்சுடி?" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரியாப் பூடுச்சு" என்றாய். உன் முதுகில் ஒரு அடி வைத்தேன். அந்த வயதில் எனக்கு அன்பைக் காட்டத் தெரிந்த வழி அதுதான்.

இப்போது நான் ஒரு மகளிர் கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சியாளர். பாதி வேலை பயிற்சி, மீதி வேலை பணம் கேட்பது. கன்டெய்னர் யார்டு, ஐஸ் கம்பெனி, ஸ்வீட் கடை என்று ஒன்றையும் விடுவதில்லை. குனியாமல் கேட்கிறேன், உன்னை மாதிரி. எத்தனை சட்டை என்று கேட்டால், இருக்கும் பெண்களோடு ஒன்று கூட்டித்தான் சொல்வேன்.

போன வாரம் சட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த வியாசர்பாடிப் பெண் ஒருத்தி, குறைந்துகொண்டே வந்த அடுக்கைப் பார்த்துவிட்டுத் தானாகவே இரண்டடி பின்னால் போய் நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் கடைசிச் சட்டையை அவள் தோளில் போட்டு, "போடி உள்ள, நீயும் ஆடு" என்றேன். அன்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அது.