விக்டோரியாவுக்கு அடியில் உன் வீடு

போன மாதம் உன் பேத்தியின் கல்யாணத்துக்குத் திகனைக்குப் போயிருந்தேன். மழை பொய்த்த வருஷம். உன் மகள் வீட்டு முற்றத்தில் கால் வைத்ததுமே, நீர் வற்றிய சேற்றின் வாசனை காற்றில் வந்தது. கீழே, மரங்களுக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கம் சுருங்கிக் கிடந்தது. அதற்கு அடியில்தான் பழைய தெல்தெனியவும் உன் வீடும் இருக்கின்றன. என்னையும் என் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிய வீடு.

அப்போது நாம் கண்டி ராஜ வீதியில் ஒரே கந்தோரில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை பார்த்தோம். என்னைவிட ஒரு வயது இளையவள் நீ. அக்காவை அழைக்கும் உங்கள் வழக்கப்படி என்னை "ராத்தா" என்று அழைப்பாய். என் கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கலவரம் வெடித்து டவுனில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கியதும், உன் கணவரின் மிளகு லொறியோடு ஹந்தானைக்கு என் வாசலுக்கே நீ வந்து நின்றாய்.

"ராத்தா, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஏறுங்க. உடுப்பு ஒன்டும் வேணாம்."

மறுநாள் மத்தியானம் உன் வீட்டு வாசலுக்குச் சில ஆண்கள் வந்தார்கள். உள்ளே யார் என்று கேட்டார்கள். நீ படியில் நின்றபடி, என் ராத்தா, அவளுக்குக் காய்ச்சல் என்று சிங்களத்தில் சொன்னாய். உன் முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சின்னவளின் வாயைப் பொத்தியபடி கதவுக்குப் பின்னால் நான் நின்றேன். உன் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அவர்கள் போன பிறகுதான் அப்படியே படியில் குந்தினாய்.

கொஞ்ச காலத்தில் அணை எழும்பியது. ஊரைக் கிளப்பித் திகனைப் பக்கம் காணி கொடுத்தார்கள். பள்ளிவாசலும் கடைத்தெருவும் முழுகிய இடத்துக்கு, அந்தப் பக்கமே வந்திராத ஒரு மகாராணியின் பெயர். எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கோ சிரிப்பு.

"காலையில ராஜ வீதி, பின்னேரம் ராணிட தண்ணி. எனக்கென்ன கொறை? அந்த ராணி இப்ப எங்கட குசினியிலதான் குந்திக்கிட்டு இரிக்கா."

ஒரு வறட்சியில் நீர் வெகுவாக இறங்கியபோது, வெடித்த சேற்றின் மேல் இருவரும் நடந்து போனோம். வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. சுவர் ஓடிய கோட்டைக் காலால் தேடித் தேடிப் போய், என்னை ஓரிடத்தில் நிறுத்தினாய்.

"இந்தக் கதவுக்குப் பின்னாலதானே நின்டீங்க?"

நான் அழுதேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அத விடுங்க ராத்தா, பசிக்கிது. போவோம்" என்று முன்னே நடந்தாய்.

கல்யாணத்தன்று, பெண்கள் கூடியிருந்த அறையில் உன் மகள் என்னை மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். "உம்மா இரிந்தா இரிக்கிற எடம், பெரியம்மா. நீங்க இரிங்க" என்றாள். நெற்றியில் பொட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அக்குறணையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய், கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

நான் ஹந்தானையில் பிறந்தவள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

"பழைய தெல்தெனிய" என்றேன்.

"அது தண்ணிக்குள்ள போன ஊர்தானே?"

"ஆமா. எங்க வீடு அங்கதான் இருந்துச்சு."